பூவரசங்காயும் உமது இடது காலும்

போத்தலின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன், உடனே மூடிவிட்டேன். ஸ்பிரிட்டின் காரம் முதலில் மூக்கில் ஏறியது. அதன் பின்னால், இடித்து ஊறப்போட்ட பூவரசங்காயின் கனத்த பச்சை மணம். என் குசினியில் மாதக்கணக்காக நின்ற மணம் அது. அறைக்குள் இருந்த என் மனைவிக்கும் எட்டிவிட்டது. "இஞ்சாருங்கோ, திரும்பத் தொடங்கிட்டியளோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

உமக்கு எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமையோடு நீர் இறந்து ஒரு வருடம். இறந்தவருக்குக் கோபத்தோடு எழுதுவது முறையா என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது கோபப்படத் துணியாதவன் இப்போது துணிவதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரியும். கோபத்தில் ஒழுங்கு தப்பக்கூடாது என்பதற்காக, உத்தியோக காலத்தில் அறிக்கைக்குச் செய்வதுபோல, சொல்லப்போவதை முதலில் இலக்கமிட்டு வைக்கிறேன். நீர் சிரிப்பீர். சிரியும்.

1. இந்தப் போத்தல் இன்று என் மேசைக்கு வந்த விதம்.
2. கண்ணாடித் தட்டை நீர் என்னைக் கேளாமல் ஊரெல்லாம் கொண்டுதிரிந்தது.
3. உமது இடது காலை நீர் எனக்கு மறைத்தது. என் கோபத்தில் பெரிய பங்கு இதற்குரியது.
4. செத்தவீட்டில் உமது மனைவி ரெஜினா என்னிடம் கேட்டது.
5. என் பக்கத்துப் பிழைகள், இருந்தால்.

முதலாவது. இன்று காலை கலா வந்தாள். உமக்கு அவளைத் தெரியும். மலையகத்தில் இருந்து வந்து உயிலங்குளத்துக்கு அருகே குடியேறிய குடும்பம்; வங்காலைக் கரையில் நண்டு உடைக்கும் கொட்டிலில், நீர் படகு மோட்டார் திருத்திய இடத்துக்கு நேர் எதிரே, நாள் சம்பளத்துக்கு நிற்பவள். படலைக்குள் வரத் தயங்கியபடி போத்தலை நீட்டினாள்.

"சார், இது நீங்க செஞ்ச மருந்துன்னு சொன்னாங்க. நல்லதுதானே?"

"நான் செய்யேல்லைப் பிள்ளை. ஆர் சொன்னது?"

"போத்தல்லயே போட்டிருக்குங்களே."

போட்டிருந்தது. ஒட்டியிருந்த தாளில் ஒரு மஞ்சள் வட்டம். சுற்றிவரக் கதிர்கள், புனிதர் படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பதுபோல. கீழே: "பூவரசு. காற்புண்ணுக்கு. மன்னார் விஞ்ஞானி பரிசோதித்தது." செய்து விற்கிறவர் யார் என்று கேட்டேன். கரையில் இப்போது இரண்டு மூன்று பேர் செய்கிறார்களாம். யாரும் கள்ளர் அல்ல. நீர் சொல்லிக்கொடுத்ததை நம்பிச் செய்கிறார்கள்.

நான் விஞ்ஞானி அல்ல. நெல்லுக்கு வரும் பூஞ்சண நோய்களுக்கு மருந்து பார்க்கும் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் உத்தியோகம் பார்த்தவன். அந்தப் பட்டத்தை எனக்குக் கேலியாகச் சூட்டியவர் நீர். கேலி தெரியாதவர்கள் அதைத் தாளில் அடித்து ஒட்டிவிட்டார்கள்.

"ஆருக்கு இது?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குங்க. விரல் இடுக்குல வெள்ளையா ஊறிப்போய் உரியுது. சீனி வருத்தமும் இருக்கு."

பூசாதே என்ற ஒரு சொல் போதும். அது வரவில்லை. எனக்கு எப்போதும் இப்படித்தான். சொல்லவேண்டியது வாய்க்கு வருவதற்குள் கேட்டவர் பஸ் ஏறிவிடுவார். "பின்னேரம் வாரும், யோசிச்சுச் சொல்லுறன். அதுவரைக்கும் பூசாமல் விட்டால் நல்லது" என்றேன். விட்டால் நல்லதாம்! அவள் போத்தலை வைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். நான் கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மோடு கோபம் கோபமாக வந்தது.

இரண்டாவது. இதைத் தொடங்கியவர் நீர். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்று நான் மன்னார் டவுனுக்குத் திரும்பி வந்த முதல் மாதம், உம்மைப் பார்க்க வங்காலைக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இடையில் நாற்பது வருடம். நீர் ஒரு மோட்டாரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அதற்கு ஏசிக்கொண்டிருந்தீர். என்னைக் கண்டதும் ரப்பர் பூட்ஸ் இரண்டையும் கழற்றிக் காலைத் தூக்கிப் பலகையில் வைத்தீர். விரலிடுக்குகள் வெளுத்து, ஊறி, தோல் கழன்று கிடந்தன.

"நெல்லுக்கு வாற பூஞ்சணத்துக்கு முப்பத்தொரு வருசம் மருந்து பார்த்தனீர். எங்கட காலுக்கு ஒண்டு பாரும் பாப்பம், விஞ்ஞானி."

"இதுக்குக் களிம்பு இருக்கு. டொக்டரிட்டைப் போம்."

"டொக்டர் களிம்பு தருவார், காலைக் காயவிடு எண்டுவார். தண்ணிக்குள்ள நிக்கிறவன் எங்க காயவிடுறது? இஞ்ச நிக்கிற பூவரசைப் பாரும். படர்தாமரைக்கு அதின்ர காய்ப்பால் பூசாத ஆள் இந்தக் கரையில உண்டா? அது உண்மையோ பொய்யோ எண்டு ஒருத்தனும் பார்த்துச் சொல்லேல்லை. உமக்கு வேற என்ன வேலை?"

வேறு வேலை இல்லை என்பது உண்மை. அதற்கும் மேலே, கேட்டது நல்ல கேள்வி. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் என் மனம் ஒரு கணம் இளகிவிடுகிறது. கோபத்துக்கு அது இடைஞ்சல்.

உமது விரலிடுக்கில் இருந்து தோற்சிம்பு எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தேன். உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரில் சீனியும், உறையவைக்க அகரும் சேர்த்துக் காய்ச்சி, மனைவியின் பிரஷர் குக்கரில் வைத்துக் கிருமி நீக்கி, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினேன். "மனிசற்ற கால் ஊத்தை இருந்த வீட்டில நான் எப்பிடிச் சோறு சமைக்கிறது?" என்று அவள் கேட்டாள். அவித்தபிறகு எதுவும் உயிரோடு இருக்காது என்று விளக்கினேன். அடுத்த நாளே புதுக் குக்கர் ஒன்று வந்தது. பழையது எனக்கு என்றாகிவிட்டது. காயவைத்த பூவரசம் இலையில் ஒரு தட்டைக் கழுதை வந்து தின்றுவிட்டுப் போனது. "மன்னார்க் கழுதைக்கு இனிப் படர்தாமரை வராது" என்றீர். அதன்பிறகு காயை மட்டும் எடுத்தோம். அதையும் வீட்டுக்குள்ளேதான் காயவைத்தோம்.

பூஞ்சணம் வளரப் பத்து நாளுக்கு மேல் எடுத்தது. பஞ்சுபோல, வெள்ளையாக. பிறகு புதுத் தட்டுகளில் அதைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் நான்கு குழி வெட்டினேன். ஒன்றில் பூவரசங்காய் ஊறிய ஸ்பிரிட். ஒன்றில் வேப்பிலை ஊறிய ஸ்பிரிட். ஒன்றில் வெறும் ஸ்பிரிட், ஏனெனில் கொன்றது காயா ஸ்பிரிட்டா என்று தெரியவேண்டும். நான்காவதில் மருந்துக்கடைக் களிம்பு. மூன்று முறை செய்தேன். முதல் முறை எல்லாத் தட்டிலும் பச்சைப் பூஞ்சணம் புகுந்து பழுதாகிவிட்டது. மற்ற இரண்டு முறையும் ஒரே விடை: களிம்பைச் சுற்றி அகன்ற தெளிவான வட்டம்; பூவரசைச் சுற்றி அதைவிடச் சிறிய, ஆனால் ஐயமில்லாத வட்டம்; வெறும் ஸ்பிரிட்டைச் சுற்றி நூல் பருமனில் ஏதோ; வேம்பைச் சுற்றியும் அவ்வளவே.

நீர் தட்டை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தீர். இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்தீர். பிறகு சொன்னீர்: "ஐசே, இது ஒளிவட்டம் ஐசே. அந்தோனியாற்ற தலைக்குப் பின்னால இருக்கிறது."

"அது பூஞ்சணம் வளராத இடம். அவ்வளவுதான்."

"ரண்டாம் பரிசு எங்கட மரத்துக்கு! கம்பனி மருந்துக்குப் பக்கத்தில நிக்குது!"

முதற்பரிசு எதற்கு என்று நீர் கேட்கவில்லை. அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நான் தேத்தண்ணி எடுத்துவர உள்ளே போன இடைவெளியில், அந்தத் தட்டை உமது சோற்றுப் பெட்டிக்குள் வைத்து, மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்விட்டீர். மூடி திறக்கக்கூடாத தட்டு. நோய் உயிரோடு இருக்கும் தட்டு. நண்டுக் கொட்டிலில் காட்டினீர். மீன் ஏலம் கூறும் இடத்தில் காட்டினீர். மேற்றிராசனத்துக்குப் போகும் வழியில் நின்ற ஒரு பாதருக்கும் காட்டியதாகப் பிறகு பெருமையாகச் சொன்னீர். மூன்று நாள் கழித்துத் தட்டு திரும்பியபோது அதற்குள் ஓர் எறும்பு செத்துக் கிடந்தது.

அப்போது நான் கோபப்பட்டிருக்க வேண்டும். "தட்டு வேற, கால் வேற" என்று மட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னேன்.

"தட்டில இருக்கிறது என்ர காலில இருந்து எடுத்ததுதானே? என்ன வித்தியாசம்?"

விடை எனக்கு இரண்டு நாள் கழித்தே வந்தது, அப்போது நீர் பக்கத்தில் இல்லை. இப்போது சொல்கிறேன், கேளும்: தட்டில் இரத்தம் ஓடுவதில்லை. தட்டுக்குச் சலரோகம் இல்லை. தட்டு வெடித்தால் அதன் வழியே வேறு கிருமி புகுந்து எலும்புவரை போவதில்லை. தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று ஊற்றலாம்.

உமக்குச் சலரோகம் இருந்தது கரை முழுக்கத் தெரியும். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று பெரிய தியாகிபோலக் கையைக் காட்டிவிட்டுப் பனங்கட்டியைக் கடிப்பீர். "பனங்கட்டி சீனியில்லை ஐசே, அது மரம்." மரத்தில் இருந்து வருகிற எதுவும் தீங்கு செய்யாது என்பது உமது வேதம். அந்த வேதத்துக்கு என் தட்டை நீர் பீடமாக்கினீர். எனக்குக் கோபம் வராதா?

மூன்றாவது. இதைத்தான் எழுத வந்தேன்.

பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேரை முன்வரிசையில் இருத்தி, ஒவ்வொருவரின் வலது காலையும் பாதர் கழுவி, துவாயால் துடைத்து, குனிந்து முத்தமிட்டுக் கொஞ்சுவார். வருடா வருடம் உம்மைக் கேட்டார்கள். வருடா வருடம் நீர் மறுத்தீர். கரையில் உமக்குத் திமிர் என்று கதைத்தார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் சொன்னீர்: "பாதர் கொஞ்சுற காலில நாத்தம் இருக்கேலாது ஐசே."

தட்டைக் கண்ட வருடம், விபூதிப் புதன் அன்றே, ஓம் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தீர். நாற்பது நாளில் கால் துப்புரவாகவேண்டும். என்னிடம் அந்தப் பூவரசுச் சாறு கேட்டீர். தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறைந்தது பதிவாவது செய்வோம் என்றேன். சனிக்கிழமைதோறும் நீர் என் விறாந்தைக்கு வந்து கதிரையில் கால் தூக்கி வைப்பீர். நான் கொப்பியில் எழுதுவேன். சாறு என்ன செய்கிறது என்று அறிய நானும் என் முழங்கையில் பூசிப் பார்த்தேன்.

வலது கால் தேறியது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகத் தேறியது. உரிதல் நின்றது, நாற்றம் போனது. பூவரசா, அல்லது அந்த நாற்பது நாளும் நீர் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காயவிட்டதா, எனக்குத் தெரியாது. காயவிடாத ஒரு காலோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒப்பிடவில்லை.

பெரிய வியாழன் மாலை நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெள்ளை வேட்டியில், தலைக்கு எண்ணெய் வைத்து, ஐந்தாவது ஆளாக இருந்தீர். பாதர் முன்னால் முழங்காலில் நின்றபோது வலது காலை நீட்டினீர். அவர் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், கொஞ்சினார். உமது முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. கண்ணை மூடியிருந்தீர். இடது கால் மட்டும், மற்றப் பதினொரு பேரும் வெறுங்காலோடு இருக்கையில், சப்பாத்துக்குள் இருந்தது. நான் அதைக் கண்டேன். ஏன் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை ரெஜினா போன் எடுத்தாள். "அண்ணை, இவற்ற இடது கால் பெருவிரல் கறுத்துப்போச்சு. மூண்டு நாளாக் காய்ச்சல். ஒருத்தருக்கும் காட்டாமல் சீலையால சுத்தி வைச்சிருந்திருக்கிறார்." முதலில் விரல் போனது. பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். மழைக்கு முன்னால் நீரே போய்விட்டீர்.

எத்தனை சனிக்கிழமை என் முன்னால் இருந்தீர்! இடது எப்படி என்று நான் கேட்கும்போதெல்லாம் "அதுவும் இதைப்போலதான்" என்றீர். ஒரு தடவை காட்டியிருந்தால் நான் உம்மை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். என்னை உமது ஒளிவட்டத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டு, சாட்சியின் கண்ணைக் கட்டினீர். இதை நான் மன்னிக்கவில்லை. பாதர் கொஞ்சிய காலுக்காகக் கொஞ்சாத காலைச் சாகவிட்டீர்.

நான்காவது. செத்தவீட்டில் உமது பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ரெஜினா என் கையைப் பிடித்தாள். "அண்ணை, நீங்கள் கிழமைக்குக் கிழமை பார்த்தனீங்கள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. எனக்கும் மறைச்சுப்போட்டார்."

அவள் கையை விட்டாள். அழுகை நின்றது. "எனக்கு மறைச்சார், சரி. உங்களுக்குமோ?" என்றாள். அதற்குப்பிறகு அன்று முழுக்க அவள் அழவில்லை.

கார்த்திகையில் கல்லறைத் திருநாளுக்கு உமது குழியில் மெழுகுதிரி எரியவில்லை என்று சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு வருடப் பூசை. கோயிலில் அதற்கும் அவள் பெயர் கொடுக்கவில்லை. "உயிரோட இருக்கேக்க என்னை நம்பாத மனிசனுக்கு நான் ஏன் பூசை குடுக்க?" என்றாளாம். எனக்கு அவளைக் குறைசொல்ல முடியவில்லை. அவளுடைய கோபமும் என் கோபமும் ஒன்று. இருவரையும் ஏமாற்றியவர் நீர்.

ஐந்தாவது. என் பிழைகள்.

அ) சாறு தந்தது. ஆ) தட்டைப் பூட்டி வைக்காதது. இ) சப்பாத்தைக் கண்டும் கேளாதது.

இவ்வளவும் எழுதியபோது படலைச் சத்தம் கேட்டது. எழுந்து போனேன்.

இப்போது மாலை ஆறரை. திரும்பவும் மேசைக்கு வந்திருக்கிறேன்.

வந்தவள் கலா. வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். கொட்டிலின் நண்டு மணம் அவளோடு விறாந்தைவரை வந்தது. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. நான் என் வழக்கப்படி ஒழுங்காகக் கேட்டேன். எத்தனை நாளாகப் பூசுகிறார்? இரண்டு கிழமை. ஒரு நாளைக்கு எத்தனை முறை? இரண்டு. தோல் வெடித்திருக்கிறதா? ஓம், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில்.

"வெடிச்ச இடத்தில படேக்க எரியுதாமோ?"

"இல்லைங்க சார். அதுதான் நல்ல மருந்துங்குது அம்மா. கொஞ்சங்கூட எரியலையாம். தண்ணி ஊத்தின மாதிரி இருக்குதாம்."

தண்ணி ஊத்தின மாதிரி. இதை நான் முன்னர் கேட்டிருக்கிறேன். இதே சொல்லை, இதே விறாந்தையில். யார், எப்போது என்று பிடிபடவில்லை. அவளை நிற்கச் சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்தேன். செத்தவீட்டுக்குப் பிறகு தொடாத கொப்பி, சேர்ட்டுகளுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து நின்றபடியே புரட்டினேன்.

இடப்பக்கத்தில், என் கையெழுத்தில்: "என் முழங்கை. சிறு கீறல் உள்ள இடத்தில் பூசியது. எரிச்சல்: கடுமை. கண்ணீர் வந்தது. இரண்டாம் நாள் நிறுத்தினேன்."

வலப்பக்கத்தில், அதே கையெழுத்தில்: "நான்காம் சனி. அவர். வலது: உரிதல் குறைவு. இடது: பெருவிரல் இடுக்கில் வெடிப்பு, சிறிது ஈரம். எரிச்சல்: இல்லை. அவர் சொன்னது: 'தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு ஐசே, நல்ல மருந்து.' பக்கவிளைவு: இல்லை." அந்த "இல்லை"க்கு நேரே ஒரு சரி அடையாளம். என் சரி அடையாளம். வாலை நீட்டிப் போடுவேன், உமக்குத் தெரியும்.

ஒரே போத்தல். ஒரே ஸ்பிரிட். கீறலில் பட்டபோது என்னை அழவைத்தது, பிளந்து கிடந்த உமது தோலில் தண்ணீர்போல ஓடியிருக்கிறது. சலரோகம் முற்றினால் காலின் உணர்ச்சி செத்துப்போகும், வலிக்கவேண்டிய இடம் வலிக்காவிட்டால் அதுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியும்; படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று எதிரே இருந்தன. கொப்பியை மூடியபோதெல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டியும் இருக்கும். நான் ஒப்பிடவில்லை. எரியவில்லை என்றதை நன்மைப் பக்கத்தில் எழுதி, சரி போட்டு, உமக்குத் தேத்தண்ணி தந்து அனுப்பினேன்.

விறாந்தைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கத்தினேன். நான், நீர் நம்பமாட்டீர், கத்தினேன். "பூச வேண்டாம்! இனி ஒரு துளியும் பூச வேண்டாம்! நாளைக்கு விடிய முதல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம். சீனி இருக்கு, காலில உணர்ச்சி இல்லை, விரலிடுக்கு வெடிச்சிருக்கு எண்டு சொல்லும். இந்த மூண்டையும் சொல்லும். எரியாதது மருந்து நல்லது எண்டதால இல்லைப் பிள்ளை! கால் செத்துக்கொண்டு போறதால!"

மனைவி குசினியில் இருந்து ஓடிவந்தாள். தெருவில் நின்ற கழுதைகூடத் தலையைத் திருப்பியது. கலா சுவரோடு ஒதுங்கி, "சத்தம் போடாதீங்க சார், எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பிறகு மெல்ல, "அப்ப வட்டத்தைப் போட்டு, விஞ்ஞானின்னு போட்டிருக்காங்களே, அது?" என்று கேட்டாள்.

"அந்த ஆள் நான்தான். நான் ஒளிவட்டத்தைப் பார்த்தனான், காலைப் பார்க்கேல்லை" என்றேன். டொக்டருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு வேலைக்குப் போகாமல் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிப் போனாள். போத்தலை அவளிடம் கொடுக்கவில்லை. அதைச் செய்கிறவர்களிடமும் இனி நான்தான் போய்ச் சொல்லவேண்டும். இன்று கத்தியதுபோல அங்கும் கத்த வருமா தெரியாது.

உம்மோடு இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதமாட்டேன். தட்டைக் கொண்டுதிரிந்ததற்கும் பனங்கட்டிக்கும் சப்பாத்துக்கும் அது இன்னும் இருக்கிறது, இருக்கும். ஆனால் பெரிய பங்கு உம்மிடம் இருந்து எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, என் கதிரையில் உட்கார்ந்துவிட்டது. எட்டாம் மாதத்துக் காற்று வெளியே மணலை வாரி அடிக்கிறது. யன்னலைச் சாத்தவும் எழ மனமில்லை.

நாளை முதல் பஸ்ஸில் வங்காலைக்குப் போகிறேன். சட்டைப் பைக்குள் போத்தலும் கைக்குள் கொப்பியும் இருக்கும். ரெஜினாவுக்கு முன்னால் வாசிக்க என் குரல் காணாது என்றே நினைக்கிறேன். காணாவிட்டால் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துவிட்டு, அவள் வாசித்து முடிக்கும்வரை அசையாமல் நிற்பேன். அதற்குப்பிறகு பூசைக்குப் பெயர் கொடுப்பதும் கொடாததும் அவள் இஷ்டம். கோபப்பட வேண்டிய ஆள் யார் என்பதாவது அவளுக்குத் தெரியவேண்டும்.

ஆய்வுகூடத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. பிழையாக எழுதியதை அழிக்கக்கூடாது. வாசிக்கக்கூடியதாக ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதவேண்டும். மேலே இலக்கம் மூன்றுக்குக் கோடு இழுத்திருக்கிறேன். அது பிழை. நீர் எனக்கு மறைக்கவில்லை. நான்காம் சனிக்கிழமை இடது காலை என் முன்னால் தூக்கி வைத்து, உமது வாயால் சொன்னீர். நான் கேட்டேன். எழுதினேன். சரி போட்டேன்.